டெல்வினாவும் என் வலது கை விரலும்

எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில், தேநீர் கெட்டில் இருக்கும் மேடைக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்ட படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அதில் இருப்பது நான்தான். வால்டா நங்காலா, உதவி ஆசிரியை. கையில் ஒரு சான்றிதழ், முகத்தில் அசட்டுச் சிரிப்பு. ‘எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டும் கல்வி’ என்று அடியில் அச்சடித்திருக்கிறார்கள். பத்து வருஷமாக அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் தேநீர் போடுகிறேன். கெட்டில் ஆவி பட்டுப் பட்டு என்றைக்காவது முகம் அழியும் என்று பார்த்தேன். நல்ல சட்டமாகப் பார்த்துப் போட்டுத் தொலைத்திருக்கிறார்கள்.

அந்தச் சான்றிதழ் டெல்வினாவால் வந்தது. டெல்வினா நபல்ஜாரி என் தங்கையின் மகள். எங்கள் பழங்குடியில் தங்கை மகள் என்றால் மகள்தான். அவளுக்கு இப்போது இருபத்தைந்து வயது. ஒன்றாம் வகுப்பில் உதவி ஆசிரியை. சாஃப்ட்பாலில் அவள் அடித்த பந்தைத் தேடி நாய்கள்கூடப் போவதில்லை, அவ்வளவு தூரம் போகும். ஊரில் யாரைச் சொன்னாலும் நடித்துக் காட்டுவாள். கடைக்காரர் தொப்பையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடப்பதை அவள் செய்தால் கடைக்காரரே சிரிப்பார். இது அவள் கதை. ஆனால் என் வலது கை ஆள்காட்டி விரல் இதில் செய்த வேலையைச் சொல்லாமல் அவள் கதையைச் சொல்ல முடியாது. சொல்லாமல் இருந்து பார்த்தேன், பதினெட்டு வருஷம்.

என் தங்கையின் பெயரை இங்கே சொல்லமாட்டேன். அவள் போய்விட்டாள். போனவர்களின் பெயரை நாங்கள் வாயில் எடுப்பதில்லை.

டெல்வினாவுக்கு எட்டு மாதமாக இருக்கும்போது, டவுனிலிருந்து வரும் மண் சாலையில் டொயோட்டா உருண்டு அவள் அப்பா செத்துப்போனார். அன்றைக்கே தங்கை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் முகாமுக்குக் குடிபோனாள். புருஷனை இழந்தவர்கள் தங்கும் இடம் அது. புருஷன் செத்தவள் பேசக் கூடாது. அவன் வீட்டு மனிதர்கள் வந்து முறைப்படி வாயைத் திறந்துவிடும் வரை, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, கையால்தான் பேச வேண்டும். பேச வேண்டும் என்று சும்மா சொல்லவில்லை. வம்பு, சண்டை, கேலி, பிள்ளையை அதட்டுவது, சீட்டாட்டத்தில் ஏமாற்றியவளைக் கிழிப்பது எல்லாம் கையிலேயே நடக்கும். வாய் இருக்கிறவர்களைவிட அவர்கள் அதிகமாகப் பேசுவார்கள்.

தங்கையின் தவணை முடியும் நேரத்திலெல்லாம் இன்னொரு சாவு. மறுபடியும் கை. டெல்வினா நடக்கக் கற்றது, சிரிக்கக் கற்றது, பொய் சொல்லக் கற்றது எல்லாம் அந்தக் கைகளுக்கு நடுவில்தான். இரண்டு வயதில் எதிரில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து, கையைத் திருப்பி விரலை விரித்து, ‘என்ன, என்ன?’ என்று கேட்பாள். கிழவிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ‘சின்ன விதவை’ என்று அவளுக்குப் பட்டப்பெயரே வைத்தார்கள்.

பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாள். “அம்மாக்காரி மாதிரியே அழுத்தம்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம். வாயைத் திறந்து பேசமாட்டாள். “விதவைகள் வளர்த்த பிள்ளை, வேற எப்படி இருக்கும்?” என்போம். காதில் சீழ் வடிந்தது. எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குக் காதில் சீழ் வடிவது மூக்கு ஒழுகுவது மாதிரி, துடைத்துவிட்டு விளையாடப் போகச் சொல்வோம். வேறு எந்த ஊராக இருந்தாலும் ஒரு பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்பது ஒரு வாரத்தில் தெரிந்திருக்கும். கையால் பேசுவது ஊமைக்குரியது என்று நினைக்கிற ஊர்களில் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை.

எனக்கு எப்போது தெரிந்தது என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். அவள் பள்ளிக்கூடம் வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. இதை எழுதவே கை கூசுகிறது.

வகுப்பில் வெள்ளைக்கார ஆசிரியர் முன்னால் நின்று ஆங்கிலத்தில் பேசுவார். நான் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எங்கள் மொழியில் மாற்றிச் சொல்வேன். அதுதான் என் வேலை. டெல்வினாவுக்கு மட்டும் கையால் சொன்னேன். அவள் சட்டென்று பிடித்துக்கொண்டாள். ஆசிரியர் ‘மூன்று’ என்றால் என் மடியில் மூன்று விரல் விரியும், அவள் மூன்று குச்சியை எடுத்து வைப்பாள். ‘உட்கார்’ என்றால் உட்காருவாள். எதைப் பார்த்தாலும் அச்சாக அப்படியே எழுதுவாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் ஒரு வார்த்தைகூட அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆசிரியர்கள் வருஷத்துக்கு ஒருவர் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரும் “அமைதியான பிள்ளை, நல்ல பிள்ளை” என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.

அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது காது பரிசோதிக்க நர்ஸ் ஜூடித் வந்தார். வாரம் ஒருமுறை வரும் சிறு விமானத்தில் வந்து, அதே விமானத்தில் திரும்ப வேண்டும். நாற்பது பிள்ளைகளை மத்தியானத்துக்குள் முடிக்க வேண்டும். காது கெட்ட பிள்ளைகளின் பட்டியல் டவுனுக்குப் போகும். பிறகு பிள்ளைகளை அறுவைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போவார்கள்.

கூட்டிப்போவது என்ற வார்த்தைக்கு எங்கள் குடும்பத்தில் வேறு அர்த்தம் இருந்தது. என் அம்மாவின் தம்பியை நெஞ்சு சளிக்கு என்று விமானத்தில் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தது ஒரு கடிதம்தான். அன்று காலை தங்கை முகாமின் வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கையால் சொன்னாள்: “பிள்ளையைக் கொடுத்துடாதே அக்கா.”

ஜூடித் நல்ல பெண்மணி. வியர்வை வழிய ஒரு மேசையில் இயந்திரத்தை வைத்து, டெல்வினாவை மேசைக்கு அந்தப் பக்கம், தன்னைப் பார்த்தபடி உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டினார்.

“வால்டா, நீங்க எனக்குப் பின்னால நில்லுங்க. தெரிஞ்ச முகத்தைப் பார்த்தா பயப்படாம இருக்கும். சத்தம் வந்தா கையைத் தூக்கணும்னு அவளுக்குச் சொல்லிடுங்க.”

நான் கையால் சொன்னேன். டெல்வினா தலையாட்டினாள். ஜூடித் பொத்தானை அமுக்கினார். இயந்திரத்தில் எங்கள் பக்கமாக ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது. எனக்குத் தெரிந்தது, டெல்வினாவுக்குத் தெரியாது. அவள் கை மடியிலேயே கிடந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் விளக்கு. மறுபடியும் கை மடியில்.

“புரியலையோ?” என்றார் ஜூடித், காகிதத்தில் பேனாவை வைத்தபடி.

மூன்றாவது முறை விளக்கு எரிந்தபோது, என் பாவாடையின் ஓரத்தில், வலது கை ஆள்காட்டி விரல் எழுந்தது. கையைத் தூக்கக்கூட இல்லை, ஒரு விரல். டெல்வினா உடனே கையைத் தூக்கினாள்.

“அடடா, இப்பப் புரிஞ்சுடுச்சு!” என்றார் ஜூடித்.

விளக்கு, விரல், கை. விளக்கு, விரல், கை. முடிந்ததும் ஜூடித் அவள் கன்னத்தைத் தட்டி ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார். தாளில் ‘சரி’ என்று எழுதினார்.

தடுமாறும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவள் கையால் எடுத்துக் கொடுப்பது எங்கள் ஊரில் தப்பில்லை. பிள்ளையை எல்லார் முன்னாலும் திணறவிட்டு வேடிக்கை பார்ப்பதுதான் எங்களுக்கு வெட்கம். இதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். பலமுறை தப்பித்தும் இருக்கிறேன். ஆனால் அடுத்த வருஷமும் ஜூடித் வந்தார், அடுத்த வருஷமும் விரல் எழுந்தது. அதற்கடுத்த வருஷமும். மூன்றாவது முறை தங்கை என்னிடம் எதுவுமே கேட்கவில்லை, நானாகவே போய் அந்த இடத்தில் நின்றுகொண்டேன். உண்மையைச் சொல்வதென்றால், முந்தைய இரண்டு பொய்யும் வெளியே வந்துவிடுமே என்ற பயம்தான் அப்போது இருந்தது. ஊர் வழக்கம் அந்த விரலைத் தூக்கவில்லை, நான்தான் தூக்கினேன்.

டெல்வினாவுக்குப் பத்து வயதானபோது பிப்பா வந்தாள். டாஸ்மேனியாக்காரி, இருபத்திமூன்று வயது, வந்த அன்றே மூக்குத் தோல் உரிந்து நின்றவள். அந்த வருஷம் நான் ஒரு துக்கத்துக்காக மூன்று வாரம் வெளியூர் போக வேண்டிவந்தது. திரும்பி வந்தபோது பிப்பா வராந்தாவில் எனக்காகக் காத்திருந்தாள்.

“வால்டா, டெல்வினாவுக்குக் காது கேக்கலை.”

“யார் சொன்னா?”

“நீங்க போன அன்னிலேர்ந்து அவ ஒரு வேலையும் செய்யலை. மணி அடிச்சா எல்லாரும் எழுந்தப்புறம்தான் எழுந்திருக்கா. அவ முதுகுக்குப் பின்னால டப்பாவைக் கீழ போட்டேன். கூரையில இருந்த கிளி பறந்துடுச்சு, அவ அசையலை.”

“அது கூச்சம். விதவைகள் முகாம்ல வளர்ந்த பிள்ளை. உனக்கு எங்க ஊர் தெரியாது.”

இந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, அது எங்களிடம் உள்ள பெரிய தடி. வெள்ளைக்கார ஆசிரியரின் தலையில் அதை ஒருமுறை போட்டால் வாயை மூடிவிடுவார். பிப்பாவுக்கும் முகம் சிவந்தது. ஆனால் வாயை மூடவில்லை.

“எனக்கு ஊர் தெரியாது, ஒத்துக்கறேன். டப்பா சத்தம் தெரியும்,” என்றாள்.

அவளே டொயோட்டாவை ஓட்டி, தங்கையையும் டெல்வினாவையும் டவுனுக்குக் கூட்டிப்போனாள். மூன்று நாளில் மூவருமே திரும்பி வந்தார்கள். நான் இத்தனை வருஷம் பயந்த பயணம் அவ்வளவுதான். இடது காது அநேகமாகப் போய்விட்டது. வலது காதில் பாதி. செவிப்பறை இரண்டிலும் ஓட்டை. நாலு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் ஓட்டையை அடைத்திருக்கலாம், பேச்சையும் படிப்பையும் பிடித்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகப் பிப்பா சொன்னாள். சொல்லிவிட்டுப் பழைய தாள்களை என் முன்னால் வைத்தாள்.

“மூணு தடவை ‘சரி’ன்னு இருக்கு. எப்படி வால்டா? மெஷின் கெட்டுப்போயிருந்ததா? அந்த நர்ஸ் தூங்கிட்டு இருந்தாளா?”

நான் தோளைக் குலுக்கினேன்.

பிப்பா கோபத்தில் மேலே எழுதிப்போட்டாள். விசாரணை வந்தது. அடுத்த வருஷம் காது பார்க்க வேறொருவர் வந்தார். ஜூடித் வேலையை விட்டுவிட்டதாக அந்தப் புதியவர் சொன்னார். அன்று மத்தியானம் கடையில் வாங்கிய இறைச்சி ரொட்டியை அப்படியே நாய்க்குப் போட்டேன்.

டெல்வினாவுக்குக் காது மெஷின் வந்தது, மெல்ல மெல்ல வாய்ப்பேச்சும் வந்தது. வகுப்பின் நான்கு மூலையிலும் சிறு ஒலிபெருக்கிகள் வந்தன, ஆசிரியர் கழுத்தில் மைக் தொங்கியது. பிப்பா பெஞ்சுகளை வரிசையிலிருந்து எடுத்து வட்டமாகப் போட்டாள். எந்தப் பிள்ளைக்கும் பேசுபவரின் முகம் தெரிய வேண்டும். பிறகு என்னிடம் வந்து, “எனக்குக் கைப்பேச்சு கத்துக்குடுங்க” என்றாள். பெரியவர்களிடம் கேட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய அளவுக்குக் கற்றுக்கொடுத்தேன். காலையில் வட்டத்தில் கதை சொல்லும்போது பிப்பா வாயால் சொல்வாள், நான் கையால் சொல்வேன், பிள்ளைகள் இரண்டாலும் திருப்பிச் சொல்வார்கள். ஒரே மாதத்தில் கடைசி மூலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டவுனுக்குப் போன பட்டியலை வரவழைத்துப் பார்த்தால், இருபத்திரண்டு பிள்ளைகளில் பதிமூன்று பேருக்குக் காது மந்தம்! அத்தனை நாளும் மந்தமான மண்டை என்று எழுதப்பட்டிருந்தவர்கள்.

அந்த முறையைப் பார்க்க வேறு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிப்பா ஊரைவிட்டுப் போகும்போது, இதெல்லாம் வால்டாவின் யோசனை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்படித்தான் சான்றிதழ். டவுனில் பெரிய மண்டபம். டெல்வினாவுக்கு அப்போது பதினைந்து வயது, என் முகம் தெரிய வேண்டும் என்று முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். “ஒவ்வொரு பிள்ளையும் கேட்கும் விதமாகச் சொல்ல வேண்டும்” என்று நான் மைக்கில் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். டெல்வினா எழுந்து நின்று தட்டினாள். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

அந்த வருஷங்களில் தங்கைக்குச் சிறுநீரகம் கெட்டது. டவுனில் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு நான்கு வருஷம் கிடந்து போய்ச் சேர்ந்தாள். அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். அவள் சொன்னதைத்தானே செய்தேன், பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். எவ்வளவு கேவலம் பாருங்கள். சொல்லாமலே திரும்புவேன்.

டெல்வினா வளர்ந்து என்னைப் போலவே உதவி ஆசிரியை ஆனாள். என்னைப் போல என்று சொல்லக் கூடாது, என்னைவிட நல்லவள். ஒரு பிள்ளை திருதிருவென்று விழித்தால் முதலில் காதைப் பார்ப்பாள், அப்புறம் கண்ணைப் பார்ப்பாள், அப்புறம் சாப்பிட்டதா என்று கேட்பாள், கடைசியில்தான் பாடத்துக்கு வருவாள். தலைமை ஆசிரியர் திட்ட ஆரம்பித்தால் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “பேட்டரி போச்சு சார்” என்பாள்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. உதவியாக இல்லாமல் முழு ஆசிரியை ஆக வேண்டும். வகுப்பின் முன்னால் நின்று மைக்கைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் படிப்பு இருக்கிறது, படிப்புக்கு ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது. மற்ற எல்லாத் தாளிலும் தேறுவாள். ஆங்கில வாசிப்புத் தாளில் விழுவாள். ஆறிலிருந்து பத்து வயதுக்குள் காது வழியாக உள்ளே போக வேண்டிய ஒரு மொழி அவளுக்குள் போகவே இல்லை. ஏன் போகவில்லை என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன வருஷம் என் புருஷன் இறந்தார். இந்தக் காலத்துப் பெண்கள் பலர் வாய் கட்டுவதில்லை. நான் கட்டினேன். பெண்கள் முகாமில், தகரத் தடுப்புக்குப் பின்னால், என் தங்கை உட்கார்ந்திருந்த அதே மூலையில் போய் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் டெல்வினா தினமும் வருவாள். தேநீர், டின் இறைச்சி, ஊர்க்கதை எல்லாம் கொண்டுவருவாள். அவள் வாயாலும் கையாலும் பேசுவாள், நான் கையால் மட்டும்.

ஒருநாள் காலேஜிலிருந்து வந்த ஒரு கடிதத்தோடு வந்தாள். என் முன்னால் இருந்த நெருப்பில், தேநீர் கொதிக்கும் டப்பாவுக்கு அடியில், அதைச் செருகினாள்.

“மூணாவது தடவை. போதும் பெரியம்மா. என் மண்டை களிமண். இதுக்கு மேல அதுல விதை போட்டு என்ன பண்றது? திங்கக்கிழமையிலேர்ந்து ஸ்டோர்ல டின் அடுக்கப் போறேன்.”

“பள்ளிக்கூடம்?” என்று கையால் கேட்டேன்.

“முட்டாளுக்குப் பள்ளிக்கூடத்துல என்ன வேலை? பிள்ளைங்களுக்கும் ஒட்டிக்கும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். முட்டாள் என்பதை அவள் கை காட்டிய விதத்தைப் பார்த்தேன். அது அவள் சொந்தக் கை. யாரையும் நடித்துக் காட்டவில்லை.

என் வாய் கட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று. வாய் இருந்தால் சுற்றி வளைத்திருப்பேன், அம்மா சொன்னாள், ஊர் வழக்கம், விமானம், பயம் என்று. கைப்பேச்சில் அவ்வளவு வளைக்க முடியாது, எனக்காவது முடியாது. நர்ஸ் என்று காட்டினேன். இயந்திரம், விளக்கு. பாவாடை ஓரத்தில் விரல். மூன்று வருஷம். உன் மண்டையில் குற்றமில்லை. குற்றம் இது. இது என்று என் விரலையே காட்டினேன்.

டெல்வினா அந்த விரலைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, வாயில்லாமல், கையால் மட்டும் பேசினாள்.

“அந்த விரல் ஞாபகம் இருக்கு. சத்தம் வந்தா கையைத் தூக்குன்னு நீ சொன்னே. அப்புறம் உன் விரல் எழுந்துச்சு. ஓ, இதுதான் சத்தமான்னு நினைச்சேன். காது மெஷின் மாட்டற வரைக்கும் எனக்குச் சத்தம்னா உன் விரல்தான் பெரியம்மா.”

நான் அழுதேன். சத்தம் போட்டு அழவும் எனக்கு அனுமதியில்லை.

“எல்லாப் பிள்ளைக்கும் யாராவது ஒருத்தர் அப்படி எதிர்ல நின்னு காட்டுவாங்கன்னுதான் நினைச்சிருந்தேன். அப்போ மத்தவங்களுக்கு நிஜமாவே கேட்டுச்சா? எனக்கு மட்டும்தான் விரலா?”

ஆமாம் என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாயால் பேசுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் பின்னாலிருந்து கத்தலாம், கெஞ்சலாம். கையால் பேசுகிறவளை எதிரில் இருப்பவள் பார்க்க மறுத்தால், பேசுகிறவளுக்கு வேறு வழியே இல்லை. என் கைகள் காற்றில் என்னென்னவோ சொல்லின. அவள் எழுந்து, மணலைத் தட்டிவிட்டுப் போனாள்.

பதினொரு நாள் வரவில்லை. கடையில் டின் அடுக்குகிறாள் என்று சொன்னார்கள். பள்ளிக்கூட டொயோட்டா முகாமைக் கடந்து போகும்போதெல்லாம் எழுந்து நிற்பேன். மற்ற விதவைகள், “உன் மக எங்கே?” என்று கை திருப்பிக் கேட்டார்கள். நான் கையை மடியில் போட்டுக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் வந்தாள். உட்காரவில்லை. ஒரு நோட்டையும் பேனாவையும் என் மடியில் போட்டாள்.

“அந்த நர்ஸ் ஜூடித்துக்குத் தெரியுமா?”

இல்லை என்றேன்.

“பிப்பாவுக்கு?”

இல்லை.

“வாயைத்தான் கட்டியிருக்காங்க. கையைக் கட்டலையே? எழுது. ரெண்டு பேருக்கும் எழுது. அப்புறம் என் காலேஜுக்கும் எழுது, எனக்கு எப்பலேர்ந்து காது கேக்கலை, ஏன் யாருக்கும் தெரியலைன்னு. பரீட்சையில கேள்வியை என் முகத்தைப் பார்த்துப் படிச்சுக் காட்ட ஆள் வேணும், நேரமும் கூட வேணும்னு கேளுன்னு பிப்பா இங்க இருந்தப்பவே சொன்னா. வெக்கப்பட்டுக்கிட்டு நான்தான் கேக்காம விட்டேன். களிமண் மண்டைக்குச் சலுகை எதுக்குன்னு.”

எழுதினேன். மூன்று கடிதத்துக்கு நான்கு நாள் ஆனது. பிப்பாவிடமிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது, அதில் அன்பும் இல்லை, கோபமும் இல்லை. ஜூடித்துக்குப் போன கடிதம், ஆள் அங்கே இல்லை என்று திரும்பிவிட்டது. டெல்வினா உறையை வாங்கிப் பார்த்து, “வேற விலாசம் தேடு” என்று மட்டும் சொன்னாள். தேடிக்கொண்டிருக்கிறேன். காலேஜ் ஒப்புக்கொண்டது. டெல்வினா கடையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாள். நாலாம் முறை தேர்வு எழுதியிருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை.

இந்த வருஷம் என் வாயைத் திறந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் போன முதல் நாளே, ஆசிரியர் அறையில் ஸ்டூல் போட்டு ஏறி, அந்தப் படத்தைக் கழற்றப் போனேன்.

“மாட்டு,” என்றாள் பின்னால் நின்ற டெல்வினா. “அது அங்கேயே இருக்கட்டும். இனிமே அதைப் பார்த்துக்கிட்டே டீ போடு.”

போன வியாழக்கிழமை காது பரிசோதனை. டெல்வினாவின் வகுப்புதான் முதலில். தனேஷா என்று ஐந்து வயதுப் பெண், என் மடியிலேயே கிடப்பவள், நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு அழத் தயாரானாள்.

“தெரிஞ்சவங்க யாராவது எதிர்ல இருந்தா நல்லது,” என்றார் நர்ஸ்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் டெல்வினாவைப் பார்த்தேன். அவள் நர்ஸின் மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். சரியாக அதே இடம்.

“உக்காரு பெரியம்மா.”

உட்கார்ந்தேன்.

“கை மேல உக்காரு.”

இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். தனேஷாவும் சிரித்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. தனேஷாவின் கை மடியில் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். மறுபடியும் எரிந்தது. என் கண்ணைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள். கை எங்கே என்று தேடினாள். என் விரல் தொடைக்கு அடியில் துடித்தது. பொய் சொல்லவில்லை, துடித்தது. கண்ணைச் சிமிட்டினால்கூட அவள் பிடித்துக்கொள்வாளோ என்று பயந்து, சிமிட்டாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உதடு கோணியது. ஐந்தாவது விளக்குக்கும் கை எழவில்லை. நர்ஸ் தாளில் எழுதினார்.

டெல்வினா போய் அவள் முன்னால் மண்டியிட்டாள். ஹெட்போனைக் கழற்றி, கண்ணீரைத் துடைத்து, தன் காது மெஷினைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

“நல்லதாப் போச்சு,” என்று வாயாலும் கையாலும் சொன்னாள். “தெரிஞ்சுடுச்சு. அஞ்சு வயசுலயே தெரிஞ்சுடுச்சு.”

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“இப்ப எடுக்கலாம் பெரியம்மா.”

எடுத்தேன். இரண்டு கையும் மரத்துப்போயிருந்தன. வலது கை விரலை நீட்டி மடக்க வெகுநேரம் ஆனது.